பொத்தான் தைக்கிற நேரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புகைப்படத்தைத் தேடிப் போனேன். படம் கிடைக்கவில்லை. நான்தான் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

அத்தைக்கு எண்பது வயது ஆகப்போகிறது. அப்பாவின் அக்கா. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவருடைய அப்பாவின், அதாவது என் தாத்தாவின், படம். வீட்டில் ஒன்றுகூட இல்லை. தாத்தா ஆற்றைக் கடக்கிற பயணிகள் படகில் எஞ்சின்காரராக இருந்தவர். படகுக் கம்பெனி வருடா வருடம் ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்ததாம்.

"அருங்காட்சியகத்துல பழைய காகிதமெல்லாம் வச்சிருக்காங்களாமே, போய்ப் பாரேன். நீ வீட்ல சும்மா உக்காந்து எழுதிட்டுத்தானே இருக்க" என்றார் அத்தை. எழுதுவது சும்மா இருப்பதில் சேர்த்தி என்பது எங்கள் குடும்பத்தின் உறுதியான கருத்து.

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன். அடித்ததை மறைக்கவில்லை, நீங்களே பாருங்கள்.

அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், தூசு படிந்த பெட்டிகளுக்கு நடுவே

[தூசு இல்லை. அந்த அறையைத் தினமும் துடைக்கிறார்கள். துடைப்பவர் இதைப் படித்தால் என்னை உள்ளே விடமாட்டார்.]

அறுபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு பகல் பதினொரு மணிக்கு, நடு ஆற்றில் ஒரு படகு

[இப்படித் தொடங்கினால் நீங்கள் படகுக்காகப் படிப்பீர்கள். படகு மூழ்கியது, பதினோரு பேர் இறந்தார்கள், தாத்தா பிழைத்தார். அவ்வளவுதான் படகு.]

நான் ஒரு பொய்யன்.

[எழுத்தாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இப்போது பெருமை இல்லை.]

சரி, தொடக்கம் இல்லாமலே மேலே போவோம்.

2

ஆய்வு நூலகம் செவ்வாய், வியாழன் மட்டும், பத்திலிருந்து நான்கு வரை. பையை வெளியே அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனா கூடாது; வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைத் தருவார்கள். நீண்ட மேசை ஒன்று, நாற்காலிகள் நான்கு. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். இரண்டாவது வேண்டுமென்றால் முதலாவதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உள்ளே தாள்கள் இருந்த வரிசை மாறாமல்.

நூலகர் ஒரே ஆள். அவரை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்னை எழுதினா மூக்குக்கண்ணாடி போட்டு எழுதாதீங்க சார். எல்லாக் கதைலயும் நூலகர்னா கண்ணாடிதான்."

அவர் கண்ணாடி போட்டிருந்தார். கேட்டுக்கொண்டதால் கழற்றிவிட்டேன்.* குள்ளமானவர், எதையும் மெதுவாகச் செய்கிறவர், தாள்களிடம் மட்டும் அதிகமாக மரியாதை காட்டுகிறவர். ஒரு தாளை எடுத்துத் தரும்போது இரண்டு கையாலும் தருவார்.

*உண்மையாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாவது பகுதியிலேயே ஒருவருடைய கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். பழக்கதோஷம். கவனமாக இருக்கிறேன், நீங்களும் இருங்கள்.

3

முதல் செவ்வாய்க்கிழமை 'படகு விபத்து' என்று எழுதிய பெட்டியைக் கேட்டு வாங்கினேன். உள்ளே தடித்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் பத்திரிகைத் துண்டுகள் ஒட்டியிருந்தன. இப்போதைய நூலகருக்கு முன்னால் இருந்தவரின் வேலை அது. ஊரைப் பற்றி எது அச்சில் வந்தாலும் கத்தரித்து ஒட்டிவிடுவாராம்.

ஏழாவது அட்டையில் நீளமான துண்டு ஒன்று. "மணி அடித்தது. நான் எஞ்சினை விட்டு நகரவில்லை" என்று ஆரம்பித்தது. அட, நன்றாக எழுதியிருக்கிறாரே என்று நினைத்தேன். நான்கு வரி தாண்டியதும் எங்கோ படித்த மாதிரி இருந்தது. பத்தாவது வரியில் தெரிந்துவிட்டது. அதை எழுதியவன் நான்.

இருபத்துநான்கு வயதில் உள்ளூர்ப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு ஒரு சிறுகதை எழுதினேன். தாத்தாவே சொல்வது போல, 'நான்' என்று எழுதினேன். அப்போது அவர் உயிரோடு இல்லை; இருந்தபோதும் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கதையில் அவர் கடைசிவரை எஞ்சின் பக்கத்திலேயே நிற்கிறார். மேல்தட்டில் ஒரு தையல்காரர், தன் கையிலிருந்த மிதவை வளையத்தைக் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு முழுகிப்போகிறார்.

அந்தப் பெண்ணும் குழந்தையும் வளையமும் என் கற்பனை. தையல்காரர் மட்டும் அப்படி இல்லை. இறந்தவர்கள் பட்டியலில் தொழில்களும் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் தையல்காரர். தையல்காரர் என்றால் கை நிதானமாக இருக்கும், வளையத்தைக் கொடுக்கும்போது நடுங்காது என்று தோன்றியது. நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பக்கத்தின் தலையில் 'சிறுகதை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கதை வெளிவந்த அன்றைக்கு அந்த எழுத்தைத்தான் தடவித் தடவிப் பார்த்தேன். அட்டைக்கு அளவாக வெட்டியபோது அந்தத் தலைப்புப் பட்டை கத்தரிக்கோலோடு போய்விட்டது. ஓரத்தில் பென்சிலில் அழகான கையெழுத்து: 'நேரில் கண்டவர் வாக்குமூலம். எஞ்சின்காரர் சொல்ல, பேரன் எழுதியது.'

நூலகர் எட்டிப் பார்த்தார். விண்ணப்பத்தில் இருந்த என் பெயரையும் துண்டின் அடியில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார்! அந்தப் பேரன் நீங்கதானா?"

ஆமாம் என்றேன். கதை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துபோய் ஒரு படிவத்தோடு வந்துவிட்டார். அடுத்த மாதம் கீழே புதிய கூடம் திறக்கிறார்கள். படகில் இறந்த பதினோரு பேருக்கும் ஒரு பலகை. ஒவ்வொருவருக்கும் பெயரும் ஒரு வரியும். தையல்காரருக்கு நேரே அச்சிட்டிருந்தது: 'தன் மிதவையைக் கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தவர்.'

"இந்தத் தகவலோட மூலம் சரிதான்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. இதுக்கு மட்டும் பேனா தரேன்" என்று சிரித்தார்.

அடுத்த தடவை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழைத்தனம்தான். வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

4

வியாழக்கிழமை போனபோது மேசையின் மறுகோடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழன் தவறாமல் வருவார், ஏதோ தேடுகிறார், என்னவென்று சொல்லமாட்டார் என்று நூலகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் தையல்காரரின் மகள் என்பதையும் சொல்லியிருந்தார்.

நூலகர் அறிமுகப்படுத்திவைத்ததும் அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தாத்தா சொல்லலைன்னா எங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது தம்பி. எங்க அப்பாவுக்கு ஊர்ல என்ன பேரு தெரியுமா? 'நாளைக்கு'. யார் துணி கேட்டு வந்தாலும் நாளைக்குன்னுதான் சொல்லுவார். பாதில விட்டுட்டுப் பேசப் போயிடுவார். ஸ்கூல்ல டீச்சரே என்னை 'நாளைக்குப் பொண்ணு'ன்னுதான் கூப்பிடுவாங்க."

"கஷ்டமா இருந்திருக்கும்."

"அம்மாவுக்குத்தான் கஷ்டம். வேலை நாள்ல கடையை அப்படியே விட்டுட்டு அந்த மனுஷன் அக்கரைக்கு எதுக்குப் போனார்னு சாகிறவரைக்கும் திட்டினாங்க. இருபது வருஷம் முன்னாடி இந்த அட்டையைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அம்மா படத்துக்கு முன்னாடி நின்னு சத்தமா படிச்சேன். கேட்டுக்கோ, உன் புருஷன் ஒரு வேலையை முடிச்சிருக்கார்னு."

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்க தாத்தா வேற எதாவது சொல்லியிருக்காரா? அப்பா எங்க உக்காந்திருந்தார், என்ன சட்டை போட்டிருந்தார், இப்படி?"

நீலச் சட்டை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது. கோடு போட்ட நீலம். இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்தால் நாக்கு தானாகவே வேலை செய்யும்.

"தெரியலம்மா" என்றேன்.

5

[இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. அந்த அம்மாவின் சந்தோஷம், என் குற்ற உணர்ச்சி, பெட்டியை மூடும் சத்தம். சில பத்திரிகைகளில் போட்டுவிடுவார்கள். ஆனால் எனக்கு ஒரு அரிப்பு வந்துவிட்டது. நான் இட்டுக்கட்டியதை அகற்றிவிட்டால் அங்கே நிஜமாக என்ன இருக்கும்? வாழ்க்கையில் முதல் முறையாக அது தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது.]

அன்று மதியமே நூலகரைக் கேட்டேன். விபத்து என்றால் விசாரணை நடந்திருக்குமே?

"நடந்திருக்கும். ஆனா விபத்துங்கற தலைப்புல தேடினா கிடைக்காது சார். காகிதம் எந்த ஆபீஸ்ல இருந்து வந்ததோ அந்த ஆபீஸ் பேர்லதான் வைப்போம். வந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. யார் விசாரிச்சாங்கன்னு தெரிஞ்சா எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்."

யார் விசாரித்திருப்பார்கள் என்று இருவரும் யோசித்தோம். காவல்துறைப் பெட்டியில் இல்லை. துறைமுகப் பெட்டியில் இல்லை. படகு நீராவியில் ஓடியது, அப்படியென்றால் கொதிகலன் ஆய்வாளர் வந்திருப்பார் என்று நூலகருக்குத்தான் தோன்றியது. மூன்றரை மணிக்கு 'கொதிகலன் சோதனை அறிக்கைகள்' வந்தது. அழுத்தக் கணக்குகள், துருப்பிடித்த குழாய்களின் வரைபடங்கள். அவற்றுக்கு அடியில், தட்டச்சு செய்த தொண்ணூறு பக்கங்கள். பதினோரு பேரின் சாவு, யாரும் தேடாத இடத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தது.

நாற்பத்தோராம் பக்கத்தில் தாத்தா. பென்சிலில் அப்படியே பிரதி எடுத்தேன். ஒரு சொல்லையும் நான் தொடவில்லை.

கேள்வி: சுக்கான் பிடித்தவர் எதிரே பாரப் படகைக் கண்டு, பின்னோக்கிச் செலுத்தும்படி மணி அடித்தபோது நீர் எங்கே இருந்தீர்?
பதில்: எஞ்சின் அறைக்கு வெளியே. படிக்கட்டில்.
கேள்வி: என்ன காரணம்?
பதில்: சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. ஒரு பயணி பார்த்துவிட்டுத் தைத்துத் தருகிறேன் என்றார்.
கேள்வி: அந்தப் பயணி யார்?
பதில்: தையல்காரர். ஊசியும் நூலும் அவரிடமே இருந்தன.
கேள்வி: சட்டையைக் கழற்றிக் கொடுத்தீரா?
பதில்: இல்லை. போட்டபடியே தைத்தார்.
கேள்வி: எவ்வளவு நேரம் வெளியே இருந்தீர்?
பதில்: ஒரு பொத்தான் தைக்கிற நேரம்.
கேள்வி: மணி கேட்டதும்?
பதில்: ஓடினேன்.
கேள்வி: நீர் உள்ளே இருந்திருந்தால் மோதல் தவிர்ந்திருக்குமா?

பதில்: தெரியாது.

கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு: முதன்மையான தவறு பாரப் படகினுடையது, எஞ்சின்காரர் கடமையில் கவனக்குறைவாக இருந்தார், இனிப் படகுப் பணிக்கு எடுக்கக் கூடாது. தாத்தா படகு வேலையை விட்டதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட காரணம் கால்வலி.

6

அத்தைக்குப் போன் செய்தேன்.

"அத்தே, தாத்தா அப்ப எஞ்சின் ரூம்ல இல்ல."

"யார் சொன்னா?"

"அவரேதான்."

"உளறாதடா. எஞ்சினை விட்டு நகரவே இல்லைன்னு பேப்பர்லயே வந்திருக்கே!"

"அத எழுதினது நான்தான் அத்தே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீதானே எழுதின? தெரியாமயா எழுதியிருப்ப?"

கதை என்றால் என்ன என்று என் சொந்த அத்தைக்கு விளக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பிறகு நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.  

"மறைக்கல, இல்ல?" என்றார் அத்தை. "கேட்டாங்க, உடனே சொல்லிட்டார். அப்புறம் நாம எதுக்குடா மறைக்கணும்? போய் அந்தம்மாகிட்ட சொல்லு. சொல்லிட்டு, அந்தக் கேள்வி பதிலை எனக்குப் பெரிய எழுத்துல எழுதி எடுத்துட்டு வா."

"படம் கிடைக்கல அத்தே."

"கிடைக்கலைன்னா போகட்டும். இது அவர் பேசினதுடா. எங்ககிட்ட பேசாத ஆளு."

[அதற்குப் பிறகு தாத்தா பொத்தான் வைத்த சட்டையே அணியவில்லை என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன், மிக நன்றாக இருந்தது. அதனால் சந்தேகம் வந்து அத்தையைக் கேட்டேன். எல்லாரையும் போல பொத்தான் சட்டைதான் போட்டார் என்றார். அடித்துவிட்டேன்.]

7

அடுத்த வியாழன் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, பலகை அச்சுக்குப் போகிறது. அந்த வாரம் முழுக்க நான் முடிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் முடிவில் நான் கையெழுத்துப் போடுகிறேன். பலகை ஏறுகிறது, அந்த அம்மா அதன் முன் நின்று பார்க்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை, தையல்காரரைத் தவிர. அவருடைய கடைசி வேலையை எடுத்துவிட்டு நான் செய்த வேலையை அவர் தலையில் கட்டியாகிவிட்டது.

இரண்டாவதில் உண்மையைச் சொல்கிறேன், அவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுகிறார், நூலகர் தண்ணீர் கொண்டுவந்து

[அந்த அறையில் தண்ணீருக்கு அனுமதி இல்லை.]

மூன்றாவதில் நான் சொல்லி முடித்ததும் அவர் புன்னகை செய்து, "எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்கிறார். இதை எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் காலையில் படித்தபோது வெட்கமாக இருந்தது. அதைவிட வசதியான முடிவு கிடையாது, வசதி எனக்கு மட்டும்.

8

நடந்தது இது.

நான் சொன்னேன். நூலகரும் இருந்தார். சுற்றி வளைக்காமல், அது சிறுகதை, தலைப்பைக் கத்தரித்துவிட்டார்கள், வளையம் நான் இட்டுக்கட்டியது, விசாரணையில் தாத்தா சொன்னது வேறொரு பெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். நூலகர் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கைக்குழந்தைக்காரி?"

"அப்படி யாரும் இல்லம்மா."

"குழந்தை?"

"இல்ல."

"குழந்தையும் இல்லையா?"

அவர் குரல் ஏறியது. "நான் வாரா வாரம் இங்க எதுக்கு வரேன்னு நினைச்சீங்க? அந்தக் குழந்தையைத்தான் தேடறேன் தம்பி. இப்ப அதுக்கு அறுபத்தாறு, அறுபத்தேழு வயசு இருக்கணும். அந்த ரெண்டு வருஷத்துப் பிறப்புப் பதிவு முழுக்கப் பார்த்துட்டேன், ஆஸ்பத்திரிப் பதிவு பார்த்துட்டேன். ஒரு தடவை கண்ணால பார்க்கணும்னு. எங்க அப்பா காப்பாத்தினவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்கணும்னு."

என்னால் நிமிர முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். இரண்டாவது முறையும் சொன்னேன்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொன்னதாக எழுதப்போவதில்லை. "அந்தப் பெட்டில என்னமோ இருக்குன்னீங்களே. எடுங்க."

நூலகர் இரண்டு கையாலும் நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்து அவர் முன் வைத்தார். அந்த அம்மா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஊசியும் நூலும் என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது சரிதான். ஊசியைச் சட்டைக் காலருக்குள்ள குத்தி வச்சிருப்பார். நம்மளைத் தூக்கினா கன்னத்துல குத்தும்" என்று தன் கன்னத்தைத் தொட்டார். பிறகு கடைசிவரை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"உங்க தாத்தா உள்ள இருந்திருந்தா எங்க அப்பா..." என்றார்.

நான் தலையாட்டினேன்.

"எங்க அப்பா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா உங்க தாத்தா..."

[இரண்டையும் அவர் அப்படியே விட்டுவிட்டார். நான் முடிக்கவில்லை.]

நூலகர் தயங்கித் தயங்கிப் படிவத்தை நகர்த்தினார். பழைய வரியைக் கோடு போட்டு அடித்திருந்தார்.

"அம்மா, பலகைக்கு நாளைக்குள்ள ஒரு வரி வேணும். இல்லைன்னா பேர் மட்டும் போட்டுடலாம். என்ன எழுதறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அந்த அம்மா பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். எழுதவில்லை. என்னைப் பார்த்தார்.

"பொத்தானைத் தைச்சு முடிச்சாரா?"

"அது இதுல இல்லம்மா."

"நல்லா பார்த்தீங்களா?"

"தொண்ணூறு பக்கமும் மூணு தடவை பார்த்துட்டேன்."

"மணி கேட்டதும் ஓடினேங்கறார். பொத்தானோட ஓடினாரா, ஊசி தொங்கத் தொங்க ஓடினாரா?"

"தெரியலம்மா."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் இருபத்தெட்டு வருடமாகப் பிழைக்கிறேன். இரண்டு பதிலும் தயாராக இருந்தன, இரண்டுமே நன்றாக இருந்தன.

"நான் நினைக்கக் கூடாதும்மா" என்றேன்.



"ஆமா. நீங்க நினைக்காதீங்க. நான் நினைச்சுக்கறேன்."

"மூலம்ங்கற இடத்துல 'மகள்'னு போட்டுடறேன்" என்றார் நூலகர்.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் படிவத்தின் மேல் குனிந்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது எங்கள் ஆட்களின் பழக்கம். மன்னிக்க வேண்டும், இந்த முறை தருவதற்கில்லை. அது வேறு ஒருவர் கையில் இருக்கிறது. அவர் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறார்.